மெரிமாக் ஆற்றங்கரைப் பெண்கள்



1816ஆம் ஆண்டு அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சுங்கவரிச் சட்டம் இயற்றியது. அயல்நாட்டுப் பருத்தித் துணிக்கு நூற்றுக்கு 25 வரி. அந்த வரியைவிட அதோடு ஒட்டிக்கொண்டு வந்த ஒரு சிறு விதிதான் அதிக வேலை செய்தது. சதுர கெஜம் 25 செண்டுக்குக் குறைவாக வாங்கிய துணியாக இருந்தாலும், அதன் விலை 25 செண்ட் என்றே வைத்து வரி போட வேண்டும். ஆகவே 12 செண்ட் துணிக்கும் ஆறேகால் செண்ட் வரி விழுந்தது. வாங்கிய விலையில் அது பாதிக்கு மேல். இங்கிலாந்தின் உயர்ந்த ரகங்கள் இதைத் தாங்கிக்கொண்டன. அடி வாங்கியது இந்தியாவின் மோட்டா ரகத் துணி.

மாசசூசெட்ஸ் மாநிலத்தில் சேலம் என்றொரு துறைமுக ஊர் உண்டு. அந்தச் சேலத்திலிருந்தும் பாஸ்டனிலிருந்தும் கப்பல்கள் கல்கத்தாவுக்கும் சென்னைக்கும் வந்து, நம் நெசவாளர்களின் துணியை மூட்டை மூட்டையாக ஏற்றிச் சென்ற காலம் அது. அந்த வணிகத்தில் பொருள் ஈட்டியவர்களில் ஒருவர் பிரான்சிஸ் கேபட் லோவல். மேற்சொன்ன விதி சட்டத்தில் நுழைவதற்காக வாஷிங்டன் வரை சென்று உறுப்பினர்களிடம் வாதாடியவரும் அவரே. இந்தியத் துணியை இறக்கி விற்றவர் அதைத் தடுக்க ஏன் முனைந்தார் என்ற கேள்விக்குள் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் நூறாண்டு மாற்றம் அடங்கியிருக்கிறது.

லோவல் 1810இல் குடும்பத்தோடு இங்கிலாந்து போனார். மான்செஸ்டர் பக்கத்து ஆலைகளில் விசைத்தறிகள் ஓடுவதைப் பார்த்தார். இயந்திரத்தையோ அதன் வரைபடத்தையோ நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோவதை ஆங்கிலச் சட்டம் தடுத்திருந்தது. அவர் கண்ணால் கண்டதை மனத்தில் ஏற்றிக்கொண்டு 1812இல் திரும்பினார். பால் மூடி என்ற கைதேர்ந்த இயந்திரக்காரரின் துணையோடு, பாஸ்டனுக்கு அருகே சார்லஸ் ஆற்றங்கரையில் உள்ள வால்தம் என்ற ஊரில் 1814இல் ஒரு விசைத்தறியை ஓடவைத்தார். பஞ்சு ஒரு வாசலில் நுழைந்து துணியாக மறு வாசலில் வெளியேறும் ஆலை அமெரிக்காவில் அங்கேதான் நிலைபெற்றது. அதுவரை நூற்பு ஓரிடம், நெசவு வேறிடம். மூலதனத்தைக் கடல் வணிகத்தில் சம்பாதித்த பாஸ்டன் குடும்பங்கள் தந்தன. நேதன் ஆப்பிள்டன், பாட்ரிக் டிரேசி ஜாக்சன் ஆகியோர் முக்கியப் பங்குதாரர்கள். 1817இல், 42 வயதில் லோவல் இறந்துபோனார். அவர் பெயரைத் தாங்கிய நகரத்தை அவர் பார்க்கவே இல்லை.

அந்த நகரம் மெரிமாக் ஆற்றின் கரையில் எழுந்தது. பாடக்கெட் அருவி என்ற இடத்தில் ஆறு முப்பது அடிக்கு மேல் இறங்குகிறது. அருவியைச் சுற்றிப் படகுகள் போவதற்காக 1796இல் வெட்டிய கால்வாய் ஒன்று அங்கே ஏற்கெனவே இருந்தது. வால்தம் ஆலையின் பங்குதாரர்கள் 1820களின் தொடக்கத்தில் அந்த நிலத்தையும் கால்வாயையும் வாங்கினார்கள். 1823இல் முதல் துணி வந்தது. 1826இல் லோவல் என்ற பெயரில் தனி ஊர். 1836இல் மாநகரம். 1840 மக்கள்தொகைக் கணக்கில் 20,796 பேர். அடுத்த பத்தாண்டில் 33,383 பேர். சில பண்ணை வீடுகள் மட்டும் இருந்த இடம், ஒரு தலைமுறைக்குள் மாசசூசெட்ஸில் பாஸ்டனுக்கு அடுத்த பெரிய நகரம் ஆகிவிட்டது.

இந்த ஆலைகளில் வேலை செய்ய யார் வந்தார்கள்? பண்ணை வீட்டுப் பெண்கள்.

அவர்கள் வந்த காரணத்தை அறிய மாநிலத்தின் உட்பகுதிக்குப் போக வேண்டும். நியூ இங்கிலாந்தின் நிலம் கல்லும் மேடுமானது. உழுதவருக்கு அது என்றும் தாராளமாகக் கொடுத்ததில்லை. 1825இல் ஈரி கால்வாய் திறந்தது. மேற்கே புதிதாகத் திருத்திய கரிசல் மண்ணின் கோதுமை மலிவாகக் கிழக்கே வந்து இறங்கியது. அதோடு போட்டியிட மலைச்சரிவு நிலங்களால் முடியவில்லை. இளைஞர்கள் மேற்கே கிளம்பினார்கள். வீட்டில் பெண்கள் காலங்காலமாக நூற்றும் நெய்தும் குடும்பத்துக்குத் துணி கொடுத்து, மிஞ்சியதை விற்றுவந்தார்கள். ஆலைத்துணி கடைக்கு வந்ததும் அந்த உழைப்புக்கும் விலை இல்லாமல் போயிற்று. சில வட்டாரங்களில் கியூபாவிலிருந்து வந்த பனையோலையில் தொப்பி பின்னி, கடைக்காரரிடம் கொடுத்துப் பண்டம் வாங்கினார்கள். ராட்டையின் வேலையைப் பறித்த அதே ஆலைதான் ராட்டை சுற்றிய பெண்ணையும் கூப்பிட்டது. மாசசூசெட்ஸ் மட்டுமின்றி நியூ ஹாம்ப்ஷயர், வெர்மாண்ட், மெய்ன் மாநிலங்களின் கிராமங்களிலிருந்தும் அவர்கள் வந்தார்கள். பெரும்பாலோர் 15 முதல் 30 வயதுக்குள் இருந்தவர்கள்.

வயது வந்த பெண்ணை ஊர் விட்டு ஊர் அனுப்பப் பெற்றோர் தயங்கினார்கள். ஆலை முதலாளிகள் அதற்கு ஓர் ஏற்பாடு வைத்திருந்தார்கள். ஆலைக்குப் பக்கத்திலேயே கம்பெனி விடுதிகள். அவற்றை நடத்தப் பெரும்பாலும் கைம்பெண்கள். இரவு பத்து மணிக்குக் கதவடைப்பு. ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் கட்டாயம். ஓர் அறையில் நான்கு முதல் ஆறு பேர், ஒரு கட்டிலில் இருவர். வாரச் சம்பளத்தில் சுமார் ஒன்றேகால் டாலர் விடுதிச் செலவுக்குப் போகும். கையில் இரண்டு டாலர் அளவுக்கு நிற்கும். ஆசிரியர் வேலை, வீட்டு வேலை, தையல் என்று அன்று பெண்களுக்கு இருந்த எந்தப் பிழைப்பிலும் இவ்வளவு ரொக்கம் கிடையாது. முதன்முறையாக ஆயிரக்கணக்கான பெண்கள் தங்கள் பெயரில் சேமிப்புக் கணக்கு வைத்தார்கள். தம்பியின் கல்லூரிச் செலவு, அப்பாவின் பண்ணைக் கடன், தன் கல்யாணத்துக்கான துணிமணி என்று அந்தப் பணம் பல வழியில் போயிற்று.

மணிக்கூண்டுதான் அவர்களின் நாளை ஆண்டது. கோடையில் காலை ஐந்து மணிக்கு வேலை தொடங்கி இரவு ஏழு வரை நடந்தது. இடையில் காலை உணவுக்கு அரை மணி, மதிய உணவுக்கு அரை மணிக்கும் சற்றுக் கூட. அந்த நேரத்துக்குள் படியிறங்கி, விடுதிக்கு ஓடி, சாப்பிட்டுத் திரும்ப வேண்டும். வாரத்துக்கு 73 மணி நேரம் என்பது சராசரிக் கணக்கு. நூல் அறாமலிருக்க அறையில் ஈரப்பதம் வேண்டும் என்று ஜன்னல்களை ஆணி வைத்து அடித்துவிட்டார்கள். பஞ்சுத்தூசி உள்ளேயே சுழன்றது. தறிகள் நூற்றுக்கணக்கில் ஒன்றாக ஓடும் இரைச்சலில் பக்கத்தில் நிற்பவரோடு பேச முடியாது.

ஹாரியட் ஹான்சன் என்ற சிறுமி பத்து வயதில் அங்கே டாஃபர் வேலைக்குச் சேர்ந்தாள். நூல் நிறைந்த கட்டைகளைக் கழற்றி வெற்றுக் கட்டைகளை மாட்டுவது அந்த வேலை. வாரத்துக்கு இரண்டு டாலர். அப்பா இறந்துபோனவர். அம்மா கம்பெனி விடுதி ஒன்றை நடத்தினார். லூசி லார்கமின் கதையும் இதே மாதிரிதான். கப்பல் தலைவரான தந்தை இறந்ததும் தாய் குழந்தைகளோடு லோவலுக்கு வந்து விடுதி எடுத்தார். மகள் 11 வயதில் ஆலைக்குப் போனாள். வேலை இடத்தில் புத்தகம் வைத்திருக்கக் கூடாது என்பது ஆலை விதி. லூசி செய்தித்தாள்களில் வந்த கவிதைகளை வெட்டித் தன் ஜன்னல் திட்டில் ஒட்டிவைத்துப் படித்தாள். பின்னாளில் கவிஞராகவும் ஆசிரியராகவும் பெயர் பெற்றார். இருவரும் முதுமையில் எழுதிய நினைவுக் குறிப்புகள் இன்றும் படிக்கக் கிடைக்கின்றன. அமெரிக்கத் தொழிற்புரட்சியைப் பங்குதாரர் அறிக்கைகளில் தேடுகிறவர்கள் முதலில் இந்த இரண்டு நூல்களையும் படிக்க வேண்டும்.

இரவு ஏழுக்கு மேல், பதினாலு மணி நேர அலுப்போடு, இந்தப் பெண்கள் சொற்பொழிவு கேட்கப் போனார்கள். வாசகர் வட்டம் நடத்தினார்கள். 1840இல் லோவல் ஆஃபரிங் என்ற இதழ் தொடங்கியது. அதில் எழுதியவர்கள் ஆலைப் பெண்கள். சில ஆண்டுகளில் அதன் ஆசிரியர் பொறுப்பும் ஹாரியட் ஃபார்லி, ஹாரியட் கர்டிஸ் என்ற இரு ஆலைப் பெண்களிடம் வந்தது. 1842இல் அந்த நகரத்துக்கு வந்த ஆங்கில நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் அந்த இதழைப் பாராட்டித் தம் பயண நூலில் எழுதினார். இங்கிலாந்தின் ஆலைத் தொழிலாளரைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு லோவல் சொர்க்கமாகத் தெரிந்ததில் வியப்பில்லை. அவர் அங்கே தங்கியது ஒரு பகல். மணியோசைக்கு ஆண்டுக்கணக்கில் எழுந்தவர்களின் கருத்து வேறாக இருந்தது.

1834 பிப்ரவரியில் கம்பெனிகள் கூலியைக் குறைக்கப்போவதாக அறிவித்தன. சுமார் 800 பெண்கள் தறியை நிறுத்திவிட்டுத் தெருவில் இறங்கினார்கள். பலர் வங்கியிலிருந்த சேமிப்பை எடுத்துக்கொண்டு ஊருக்கே கிளம்பினார்கள். வேலைநிறுத்தம் சில நாளில் அடங்கியது. கூலிக் குறைப்பு நடப்புக்கு வந்தது. 1836இல் விடுதிக் கட்டணம் உயர்ந்தபோது அதைப் போல இருமடங்குப் பெண்கள் வெளியே வந்தார்கள். அப்போது ஹாரியட் ஹான்சனுக்கு 11 வயது. தன் தளத்தில் மூத்த பெண்கள் வெளியேறுவதா வேண்டாமா என்று தயங்கி நிற்பதைப் பார்த்தாள். யார் வந்தாலும் வராவிட்டாலும் நான் போகிறேன் என்று முதலில் நடந்தாள். அவள் பின்னால் தளமே இறங்கியது. அந்தக் குற்றத்துக்காகக் கம்பெனி அவள் தாயை விடுதி நடத்தும் பொறுப்பிலிருந்து நீக்கியது. தண்டனை சிறுமிக்கு அல்லாமல் கைம்பெண்ணுக்குப் போனது என்ற ஒரே செய்தி போதும், விடுதி ஏற்பாட்டின் தந்தைபோன்ற முகம் எவ்வளவு மெல்லியது என்று காட்ட.

சுதந்திரப் போரில் சண்டையிட்டவர்களின் பேத்திகள் தாங்கள் என்பதை அந்தப் பெண்கள் தங்கள் அறிக்கைகளில் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். நிலமுள்ள குடியானவரின் மகள்கள் அவர்கள். பிடிக்காவிட்டால் திரும்பிப் போக ஒரு வீடு இருந்தது. அந்த வீடுதான் அவர்களுக்குத் துணிச்சல் கொடுத்தது.

ஆனால் அவர்கள் நூற்ற பஞ்சைப் பறித்தவர்களுக்குத் திரும்பிப் போக வீடு இல்லை. மாசசூசெட்ஸ் நீதிமன்றங்கள் 1780களிலேயே தங்கள் மண்ணில் அடிமைமுறையை முடித்துவிட்டன. அதற்குப் பின் இரண்டு தலைமுறைக்கும் மேலாக அம்மாநில ஆலைகள் தென் மாநிலங்களில் அடிமைகள் விளைவித்த பருத்தியில்தான் ஓடின. போக்கோடு வரவும் இருந்தது. ஆலைகளில் நெய்த முரட்டுத் துணியின் ஒரு பகுதி அடிமைகளுக்கு உடுப்புத் தைப்பதற்காகத் தெற்கே திரும்பிப் போயிற்று. தோட்டங்களில் அந்தத் துணிக்கே லோவல் என்று பெயர். 1816 சுங்கச் சட்டத்துக்குத் தென் கரோலினா உறுப்பினர் ஜான் கால்ஹூன் ஆதரவு தந்தது தற்செயல் அல்ல. உள்நாட்டு ஆலை வளர்ந்தால் தோட்டக்காரரின் பருத்திக்குச் சந்தை பெருகும். வில்லியம் லாயிட் காரிசன் 1831 முதல் பாஸ்டனிலிருந்து அடிமை ஒழிப்பு இதழ் நடத்தினார். 1835இல் அதே பாஸ்டனில் ஒரு கூட்டம் அவரைக் கயிற்றால் கட்டித் தெருவில் இழுத்துச் சென்றது. தெற்கத்திய வாடிக்கையாளர் கோபிப்பார் என்ற அச்சம் பணக்கார வட்டாரத்தில் ஆழமாக இருந்தது. ஆலைப் பெண்களில் பலர் அடிமை ஒழிப்பு மனுக்களில் கையெழுத்திட்டார்கள். லூசி லார்கம் பிற்காலத்தில் ‘நெசவு’ என்ற கவிதையில், தன் தறியில் ஓடிய பஞ்சு யார் கையிலிருந்து வந்தது என்பதை எண்ணி வருந்தினார்.

1840களில் ஆலைகளின் வேகம் கூடியது. இரண்டு தறி பார்த்தவள் மூன்று, நான்கு பார்க்க வேண்டும். அதிகத் துணி எடுத்த மேற்பார்வையாளருக்குத் தனிப் பரிசு. இந்தச் சூழலில் முன்வந்தவர் சாரா பாக்லி. நியூ ஹாம்ப்ஷயரில் பிறந்து 1837இல் லோவலுக்கு வந்தவர். லோவல் ஆஃபரிங்கில் ஆலை வாழ்வின் இனிமைகளைப் பற்றி எழுதியவரும்கூட. 1844 டிசம்பரில் லோவல் பெண் தொழிலாளர் சீர்திருத்தச் சங்கத்தைத் தொடங்கினார். பத்து மணி நேர வேலைநாள் வேண்டும் என்று மாநிலச் சட்டமன்றத்துக்கு மனு போயிற்று. லோவலிலும் பிற ஊர்களிலும் 2,000 பேருக்கு மேல் கையெழுத்திட்டார்கள். அவர்களில் பெரும்பான்மை பெண்கள். வாக்குரிமை இல்லாதவர்கள் ஆதலால் மனுதான் அவர்களின் வாக்குச்சீட்டு.

1845 பிப்ரவரியில் சட்டமன்றக் குழு விசாரணை நடத்தியது. பெண்கள் நேரில் வந்து சாட்சி சொன்னார்கள். எலிசா ஹெமிங்வே என்ற பெண், தான் வேலை செய்யும் அறையில் குளிர்காலத்தில் காலையும் மாலையும் 293 சிறு விளக்குகளும் 61 பெரிய விளக்குகளும் எரியும் என்று எண்ணிச் சொன்னார். அந்த ஓர் அறையில் சுமார் 150 பேர். ஜன்னல் திறக்காத அறையில் அவ்வளவு எண்ணெய்ப் புகையை மூச்சில் இழுத்தவர் சொன்ன கணக்கு அது.

குழுவின் தலைவர் வில்லியம் ஷூலர் லோவலில் செய்தித்தாள் நடத்தியவர், ஆலைகளின் நண்பர். குறைகள் இருப்பதைக் குழு ஒப்புக்கொண்டது. தீர்வு தங்கள் கையில் இல்லை என்று அறிக்கை எழுதியது. முதலாளியும் தொழிலாளியும் தங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டுமாம். பெண்கள் அதோடு விடவில்லை. அடுத்த தேர்தலில் ஷூலரைத் தோற்கடிக்கப் பாடுபட்டார்கள். அவர் தோற்றார். சாரா பாக்லி 1846இல் லோவல் தந்தி நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அமெரிக்காவின் முதல் பெண் தந்தியாளர்களில் அவர் ஒருவர்.

அதே காலத்தில் ஆலையின் முகம் மாறத் தொடங்கியது. 1845இல் அயர்லாந்தில் உருளைக்கிழங்கு அழுகியது. பசிக்குத் தப்பியவர்கள் கப்பல் கப்பலாகப் பாஸ்டனில் வந்து இறங்கினார்கள். லோவலுக்கு ஐரிஷ்காரர்கள் புதியவர்கள் அல்லர். 1822இலேயே கால்வாய் வெட்ட வந்தவர்கள் அவர்கள்தான். ஆனால் ஆலைக்குள் அவர்களுக்கு இடம் தரப்படவில்லை. இப்போது வாசல் திறந்தது. லோவலின் ஹாமில்டன் ஆலையில் 1836இல் அயல்நாட்டில் பிறந்தவர்கள் நூற்றுக்கு நான்கு பேர்கூட இல்லை. 1860இல் அறுபதுக்கு மேல். பண்ணை வீட்டு மகள்கள் ஆசிரியராகவும் எழுத்தராகவும் வேறு வழி தேடிப் போனார்கள். வந்தவர்களுக்குத் திரும்பிப் போக வீடு இல்லை என்பது கம்பெனிகளுக்கு வசதியாயிற்று. விடுதிகளின் கவனிப்பு குறைந்தது. உள்நாட்டுப் போருக்குப் பின் கனடாவிலிருந்து பிரெஞ்சு பேசும் குடும்பங்கள் வந்தன. ஒவ்வொரு அலையையும் முந்தைய அலை சந்தேகத்தோடு பார்த்தது. 1850களில் ஐரிஷ் எதிர்ப்பையே கொள்கையாகக் கொண்ட ஒரு கட்சி மாசசூசெட்ஸ் ஆட்சியைப் பிடித்தது. அதே ஆட்சிதான் 1855இல் பொதுப்பள்ளிகளில் கறுப்பினக் குழந்தைகளைத் தனியே பிரித்து வைப்பதைச் சட்டத்தால் தடுத்தது. ஒரு சமூகத்தின் நல்லதும் கெட்டதும் எப்படி ஒரே வீட்டில் குடியிருக்கும் என்பதற்கு அந்த ஆட்சி சான்று.

ஆலைகளைத் தாண்டியும் மாநிலம் மாறிக்கொண்டிருந்தது. ஃபிரெடரிக் டியூடர் என்ற பாஸ்டன் வணிகர் ஏரிகளில் உறைந்த பனிக்கட்டியை அறுத்து, மரத்தூளில் பொதிந்து, 1833இல் கல்கத்தாவுக்கே அனுப்பினார். சென்னைக் கடற்கரையில் இன்று விவேகானந்தர் இல்லம் என்று அழைக்கப்படும் ஐஸ் ஹவுஸ் அந்தப் பனிக்கட்டிக்காகக் கட்டியதுதான். துணியை விலக்கிய மாநிலம் பனிக்கட்டியை விற்றது. லின் நகரத்தில் வீட்டுக் கொட்டகைகளில் நடந்த செருப்புத் தொழிலை 1850களில் தையல் இயந்திரம் ஆலைக்குள் இழுத்தது. 1860 பிப்ரவரி 22, ஜார்ஜ் வாஷிங்டன் பிறந்தநாளில் அங்கே தொடங்கிய வேலைநிறுத்தம் உள்நாட்டுப் போருக்கு முன் அமெரிக்கா கண்டவற்றில் மிகப்பெரியது. மார்ச் மாதம் பனி கொட்டும் நாளில் பெண்கள் ஊர்வலம் போனார்கள்.

அந்த ஆண்டு ஜனவரி 10ஆம் தேதி, மெரிமாக் ஆற்றின் கீழ்க்கரையில் உள்ள லாரன்ஸ் நகரில் பெம்பர்டன் ஆலை வேலை நேரத்தில் சரிந்து விழுந்தது. ஐந்து மாடிக் கட்டடம். வார்ப்பு இரும்புத் தூண்கள் சரியாக வார்க்கப்படவில்லை. தாங்கும் அளவுக்கு மேல் இயந்திரங்களை ஏற்றியிருந்தார்கள். இடிபாட்டில் சிக்கியவர்களை மீட்கும்போது ஒரு விளக்கு கவிழ்ந்து தீப்பிடித்தது. இறந்தவர்கள் 88 முதல் 145 வரை என்று கணக்குகள் வேறுபடுகின்றன. அவர்களில் பலர் அயர்லாந்திலிருந்து வந்த இளம்பெண்கள். எண்ணிக்கையே உறுதியாகத் தெரியாதபடி மனிதர்கள் வேலை செய்தார்கள்.

1861இல் உள்நாட்டுப் போர் வந்தது. லோவல் ஆலைத் தொழிற்கூடத்தில் வேலை செய்த லூதர் லாட் என்ற 17 வயதுப் பையன் போரின் முதல் வாரத்திலேயே பால்டிமோர் தெருவில் சுடப்பட்டு இறந்தான். லோவல் கம்பெனிகளில் பல, போர் நெடுநாள் நீடிக்காது என்று எண்ணிக் கையிருப்புப் பஞ்சை நல்ல விலைக்கு விற்றுவிட்டு ஆலைகளை மூடின. சுமார் 10,000 பேர் வேலை இழந்தார்கள். அமெரிக்கப் பஞ்சு நின்ற அந்த ஆண்டுகளில்தான் திருநெல்வேலி, கோயம்புத்தூர்ப் பருத்திக்கு உலகச் சந்தையில் திடீர் விலை ஏறியது.

தொழிலாளரைக் காக்கும் சட்டம் மெல்லத்தான் வந்தது. 1836இல் ஆலைக் குழந்தைகளுக்கு ஆண்டுக்கு மூன்று மாதப் பள்ளி. 1842இல் 12 வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் பத்து மணி நேர வரம்பு. 1852இல் அமெரிக்காவின் முதல் கட்டாயக் கல்விச் சட்டம். 1869இல் தொழிலாளர் நிலையை எண்ணிக்கையோடு பதிவு செய்ய ஒரு தனி அலுவலகத்தை மாசசூசெட்ஸ் அமைத்தது. அமெரிக்காவில் அத்தகைய முதல் அலுவலகம் அதுவே. பெண்களுக்கும் 18 வயது நிரம்பாதவர்களுக்கும் பத்து மணி நேர வேலைநாள் 1874இல் சட்டமானது. சாரா பாக்லியின் மனுவுக்கும் அதற்கும் இடையே 29 ஆண்டுகள். வேண்டுமென்றே மீறினால்தான் குற்றம் என்று அந்தச் சட்டத்தில் ஒரு சொல் இருந்தது. அதைக் காட்டியே முதலாளிகள் தப்பினார்கள். அந்தச் சொல் நீங்க இன்னும் ஐந்து ஆண்டு பிடித்தது.

1800இல் நான்கு லட்சத்துச் சொச்சம் பேர் வாழ்ந்த மாசசூசெட்ஸில் 1900இல் 28 லட்சம் பேர் இருந்தார்கள். அந்த வளர்ச்சிக்குப் பெயர் வைத்தபோது முதலாளிகளின் பெயரையே ஊர்களுக்கு வைத்தார்கள். லோவலும் லாரன்ஸும் அப்படி வந்தவையே. ஆனால் பத்து மணி நேர நாளைக் கொடுத்தவர்கள் அவர்கள் அல்லர். அதைக் கேட்டு முதலில் கையெழுத்திட்டவர்கள் விடுதி அறையில் ஒரு கட்டிலில் இருவராகப் படுத்த ஆலைப் பெண்கள். அந்த மாநிலத்தின் வரலாற்றை எழுதுகிறவர்களும் படிக்கிறவர்களும் அவர்களிடமிருந்தே தொடங்க வேண்டும்.